வாரண்ட் கேட்ட மேயர்

ரோட்டன்லேபன்
1927 நவம்பர் 20

அன்புள்ள மினே,

நேற்று சாயங்காலம் உன் அண்ணனை இந்த ஊருக்கு மேயர் ஆக்கிவிட்டார்கள். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று நீ சண்டைக்கு வருவாய் என்பதால் முதல் கடிதம் உனக்குத்தான்.

பெரிய வெற்றி என்று எதுவும் இல்லை. கவுன்சிலில் ஒரே ஒரு ஓட்டு அதிகம். அந்த ஒரு ஓட்டைப் போட்டவர் யார் தெரியுமா? நெபெலுங். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். எங்கள் கவுன்சிலில் இருக்கும் ஒரே கம்யூனிஸ்ட். நான் நன்றி சொல்லப் போனேன். அவர் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை.

"டாக்டர், உங்களைப் பிடிச்சுப்போய் ஓட்டுப் போடலை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்க்கிற ஆள் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். அதுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக் கோர்ட்டில் சேர்ந்த நாளில் கெய்சர் பேரில் உறுதிமொழி எடுத்தேன். அவர் ஹாலந்துக்குப் போன பிறகு குடியரசின் பேரில் எடுத்தேன். நேற்று ஊரின் பேரில் எடுத்தேன். இனி யார் பேரிலும் எடுக்க வேண்டிய தேவை வராது என்று நினைக்கிறேன். உன் அண்ணி லீஸ்பெத், "மேயர் ஐயா முதல்ல நம்ம வீட்டுச் சமையலறைக் குழாயைச் சரி பண்ணட்டும்" என்கிறாள்.

உன் அண்ணன்
எக்பெர்ட்

*

எம்டன்
1927 டிசம்பர் 4

அன்புள்ள அண்ணா,

மேயர் ஐயாவுக்கு உங்கள் தங்கை ஹெர்மினே தலை வணங்கி எழுதிக்கொள்வது. போதுமா?

ஓனோவுக்குத் தலைகால் புரியவில்லை. சுங்க இலாகாவில் இருக்கிற அத்தனை பேரிடமும், கப்பலில் வந்து இறங்குகிற நார்வேக்காரனிடம்கூட, "என் மச்சான் ஒரு ஊருக்கே மேயர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர் ஊற்றுவதற்கு முன்னால் உன் கதை ஊற்றப்படுகிறது.

எனக்கு மட்டும் ஒரு வருத்தம். வீப்கே பிறந்து நாலு வருஷமாகிறது. அவள் மாமாவை இன்னும் பார்க்கவில்லை. போன வருஷம் வழக்கு இருக்கிறது என்றாய். இனி ஊர் இருக்கிறது என்பாய். எங்கேயாவது ஒரு நாற்காலி காலியாக இருந்தால் நீ போய் உட்கார்ந்துவிடுகிறாய், எழுந்து வரத் தெரியவில்லை. லீஸ்பெத்தையாவது அனுப்பி வை.

மினே

*

ரோட்டன்லேபன்
1933 மார்ச் 29

அன்புள்ள மினே,

நீ கேள்விப்பட்டது உண்மை. நான் இப்போது மேயர் இல்லை. அங்கும் இங்கும் கேட்டுக் கவலைப்படாதே, நடந்ததை நானே எழுதுகிறேன்.

போன வாரம் காலையில் நெபெலுங்கின் மனைவி நகர மன்றத்துக்கு ஓடி வந்தாள். இடுப்பில் மாவு படிந்த ஏப்ரன், காலில் மரச் செருப்பு. நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் வீட்டுக்குள் வந்து அவள் கணவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று கேட்டேன். ஆண்கள் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் என்றாள்.

போனேன். அந்தக் கூடத்துக்குப் பொறுப்பு ட்ரெப்டோ. பையன்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர், இப்போது இந்த ஊரில் கட்சித் தலைவர். தாண்டிக் குதிக்கிற மரக்குதிரையின்மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. என்ன சத்தம் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வாரண்ட் எங்கே என்று கேட்டேன்.

"டாக்டர், நாடே மாறிப்போச்சு. நீங்க இன்னும் பேப்பர் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க" என்றார்.

பெர்லினில் ஒரு அவசரச் சட்டம் வந்திருப்பது எனக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதன்படி பார்த்தாலும் காவலில் வைக்க ஒரு உத்தரவு எழுத்தில் வேண்டும், அதைப் போலீஸ் கொடுக்க வேண்டும், உடற்பயிற்சி ஆசிரியர் கொடுக்க முடியாது என்று விளக்கினேன். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டவன் நான்.

திரும்பி வந்து மாவட்ட அதிகாரிக்கும் அரசு வக்கீலுக்கும் புகார் எழுதினேன். பதில் சீக்கிரமே வந்தது. நெபெலுங்கைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. என்னைப் பதவியிலிருந்து நீக்கி, என் இடத்தில் ட்ரெப்டோவை வைத்திருந்தார்கள். நெபெலுங்கை ஏதோ முகாமுக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

வீட்டின் முன்னறையில் வக்கீல் பலகையைத் திரும்ப மாட்டியிருக்கிறேன். கிணற்றுத் தகராறு, வேலித் தகராறு வரும். அது போதும். லீஸ்பெத்தான் பலகையைத் துடைத்துக் கொடுத்தாள்.

எக்பெர்ட்

*

எம்டன்
1934 செப்டம்பர் 9

அண்ணா,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஓனோவைப் பதவி உயர்வுக்கு எடுத்திருக்கிறார்கள். கட்சியிலும் சேர்ந்துவிட்டார். சேராதவர்கள் எங்கே போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும். போன வாரம் மேலதிகாரி கூப்பிட்டு, "உங்க மச்சான் ஒருத்தர் இருக்காராமே, ரோட்டன்லேபன்ல?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஓனோ வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார்.

"மினே, உங்க அண்ணன் நல்லவர்தான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அவர் கடிதம் இந்த வீட்டுக்கு வரக்கூடாது. நீயும் போடாதே" என்றார்.

வீப்கேயின் பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்த வீடு இருக்கிறது. நீ அங்கே ஒரு ஆள், லீஸ்பெத் ஒரு ஆள், உங்கள் இஷ்டம்போல் இருந்துகொள்ளலாம். எங்களால் முடியாது. நீ புரிந்துகொள்வாய் என்று எழுதப் போனேன், அடித்துவிட்டேன். புரிந்துகொள்ளாவிட்டாலும் எழுதாதே.

ஹெர்மினே

*

ரோட்டன்லேபன்
1934 செப்டம்பர் 15

மினே,

சரி. இதுதான் கடைசி. வீப்கேயை நன்றாகப் பார்த்துக்கொள்.

எ.

*

எம்டன்
1945 டிசம்பர் 2

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா, நீ அதே வீட்டில் இருக்கிறாயா, உயிரோடுதான் இருக்கிறாயா, எதுவும் தெரியாமல் எழுதுகிறேன். ரஷ்யர் வசம் உள்ள பகுதிக்குத் தபால் போகிறது என்று சொன்னார்கள். அதே விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். வீடு இல்லை. போன வருஷம் செப்டம்பரில் ஒரே சாயங்காலத்தில் குண்டு விழுந்து ஊரே எரிந்துபோயிற்று. கால்வாய் ஓரத்தில் ஒரு விவசாயியின் கொட்டகையைத் தடுத்து அறையாக்கி இருக்கிறோம். மறுபக்கத்தில் ஆடுகள். வீப்கேக்குக் கல்யாணம் ஆயிற்று. அவள் கணவன் போரில் ருமேனியாவில் காணாமல் போனவன்தான், இன்னும் தகவல் இல்லை. அவள் மீன் பதப்படுத்துகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். ராத்திரி அவள் படுக்கையில் புரள்வது எனக்குக் கேட்கும். நானும் விழித்திருப்பேன்.

லீஸ்பெத் எப்படி இருக்கிறாள்? அவள் மூட்டுவலி இந்தக் குளிரில் எப்படி?

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், உதவியும்தான். ஓனோவை இந்தப் பகுதியைப் பிடித்திருக்கும் ஆங்கிலேயர்கள் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கட்சியில் இருந்தவர்களை விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர்களிடம் அடிபட்ட ஒருவர் நற்சான்று எழுதிக்கொடுத்தால் நல்லது என்கிறார்கள். நீ பதவி இழந்தவன். நீ இப்போது மேயராக இருக்கிறாய் என்று இந்தப் பக்கம் வந்த ஒரு அகதி சொன்னார். அது உண்மையானால் உன் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் மினே

*

ரோட்டன்லேபன்
1946 பிப்ரவரி 11

அன்புள்ள மினே,

உன் கடிதம் வர இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. யாரோ பிரித்துப் படித்துவிட்டு ஒழுங்காக ஒட்டியும் அனுப்பியிருக்கிறார்கள்.

லீஸ்பெத் 1940 வசந்தத்தில் இறந்துபோனாள். மூட்டுவலி இல்லை, வயிற்றில் கட்டி. அன்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் போடப் போகும்போது நீ சொன்னது ஞாபகம் வந்தது. போடவில்லை.

நான் மேயர் என்பது உண்மை. எப்படி ஆனேன் என்று கேட்டால் சிரிப்பாய். போன ஏப்ரலில் அமெரிக்கர்கள் வந்தார்கள். ட்ரெப்டோ அதற்கு முந்தின நாளே ஓடிவிட்டார். பாதிரியார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் கொல்லையில் விறகு அறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேப்டன் ஜீப்பிலிருந்து இறங்காமலே மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கச் சொன்னார். நீ நாஜியா? இல்லை. அப்படியானால் நீ மேயர். முடிந்தது. கையில் ரம்பத்தோடு மேயர் ஆனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூலையில் அமெரிக்கர்கள் போய் ரஷ்யர்கள் வந்தார்கள். பேரம் மேலிடத்தில் நடந்தது, எங்களுக்கு அவர்கள் சாமான் ஏற்றுகிற நாளில்தான் தெரியும். ரஷ்யக் கமாண்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதே நாற்காலியில் இருக்கச் சொன்னார். நல்ல மனிதர்தான், கோபம் வராதவரை. கிழக்கே சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர்கள் வண்டி வண்டியாக வந்துகொண்டே இருக்கிறார்கள். நிலக்கரி இல்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை எரிக்கலாமா வேண்டாமா என்பதுதான் என் ஆட்சியின் பெரிய கேள்வி. எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, மினே. படி ஏறினால் பாதியில் நிற்கிறேன்.

நெபெலுங் திரும்பி வந்துவிட்டார். பல்லெல்லாம் போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் எந்தெந்த முகாமில் இருந்தார் என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இப்போது அவர்தான் இங்கே கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர். கமாண்டர் எதுவும் அவரைக் கேட்டுத்தான் செய்கிறார்.

ஓனோவுக்கான நற்சான்று இத்துடன் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். தெரியாததை எழுத எனக்கு வராது.

எக்பெர்ட்

*

எம்டன்
1946 மார்ச் 24

அண்ணா,

நீ அனுப்பிய தாளை ஓனோதான் முதலில் பிரித்தார். இதோ உன் வாக்கியங்கள், மறந்துபோயிருந்தால்: "என் தங்கை கணவர் ஓனோ பயந்த சுபாவம் உள்ளவர். பயத்தினால் கட்சியில் சேர்ந்தார். பயத்தினால் தம் மனைவி எனக்குக் கடிதம் எழுதுவதைத் தடுத்தார். இவரால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக நான் அறியேன். இவரால் எவருக்கும் உதவி கிடைத்ததாகவும் அறியேன்."

படித்தார். தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். எழுந்து ஆட்டுப் பக்கம் போய்விட்டார். இந்த ஊரில் கொலைகாரனுக்குக்கூடப் பாதிரியார் "தங்கமான மனிதர்" என்று எழுதிக்கொடுக்கிறார். நீ உன் சொந்தத் தங்கை கணவனுக்கு இதை எழுதுகிறாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். லீஸ்பெத் விஷயத்தை எப்படிப் பொறுப்பது? எழுதாதே என்றுதான் சொன்னேன். செத்தால்கூடச் சொல்லாதே என்றா சொன்னேன்? ஆறு வருஷமாக உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்து அவளிடம் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்குச் சொல் என்றால் சொல்தான். அதில் உள்ள மனுஷி உன் கண்ணில் படுவதே இல்லை. சட்டத்தைப் படிக்கிற மாதிரி என் கடிதத்தையும் படித்திருக்கிறாய்.

வேறொன்றும் இல்லை.

ஹெர்மினே

*

எம்டன்
1946 ஜூலை 7

அன்புள்ள அண்ணா,

நீ பதில் போடவில்லை. போட்டிருந்தாலும் நான் பிரித்திருப்பேனோ என்னவோ. ஆனால் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

உன் தாளை அடுப்பில் போடச் சொன்னேன். ஓனோ போடவில்லை. கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குழுவின் தலைவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், அந்தக் காலத்துச் சோஷலிஸ்ட். அவர் முன்னால் நற்சான்றுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் படித்துச் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார். உன்னுடையதை எடுத்தார். சத்தமாகப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"இத்தனை நாள்ல எனக்கு வந்த பேப்பர்லயே இது ஒண்ணுதான் மனுஷன் எழுதினது" என்றார். பிறகு ஓனோவைப் பார்த்து, "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"மச்சான் எழுதினது சரிதானுங்க" என்றார் ஓனோ.

சுங்க வேலை திரும்பக் கிடைக்காது. துறைமுகக் கிடங்கில் காவல்காரர் வேலை கொடுத்திருக்கிறார்கள். தினமும் போகிறார். ஒரு மாதிரி நிம்மதியாக இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

லீஸ்பெத்தை எங்கே புதைத்தீர்கள்? ஆற்றுப் பக்கமா, பழைய தேவாலயப் பக்கமா? அதையாவது எழுது.

மினே

*

ரோட்டன்லேபன்
1946 செப்டம்பர் 22

அன்புள்ள மினே,

ஆற்றுப் பக்கம்தான். மேட்டில். வெள்ளம் வந்தாலும் ஏறாது. பக்கத்தில் ஒரு காட்டு ரோஜாப் புதர் இருக்கிறது, நான் வைத்தது இல்லை, தானாக முளைத்தது. உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு எனக்குப் பதில் இல்லாததால்தான் எழுதவில்லை. இன்னும் இல்லை.

இங்கே ஒரு காரியம் நடந்திருக்கிறது. யாரிடமும் பேச முடியாததால் உனக்கு எழுதுகிறேன். ஒரு தெரிந்தவர் மூலமாகக் கொடுத்தனுப்புகிறேன், தபாலில் போடவில்லை.

போன வாரம் காலை, மனுக் கொடுக்கிற வரிசையில் ஒரு ஆள் நின்றிருந்தார். தாடி, கிழிந்த இராணுவக் கோட்டு. அவர் முறை வந்ததும் என் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார். ட்ரெப்டோ. பன்னிரண்டு வருஷம் என் நாற்காலியில் இருந்தவர். பவேரியாவில் ஒரு பண்ணையில் ஒளிந்திருந்தாராம்.

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஓடி ஓடி அலுத்துப்போச்சு, டாக்டர். என் சம்சாரம் இங்க இருக்கா. என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க. ஆனா நீங்க போடுங்க. என்ன குத்தம்னு எழுதி, கோர்ட்டுல நிறுத்தி, அப்புறம் போடுங்க. அப்படிச் செய்யற ஆள் வேற யாரும் இங்க இல்லை" என்றார்.

எனக்கு எழுந்து அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்தால்கூட நல்லது என்றுதான் அவரும் நின்றார். வரிசையில் நின்ற ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலரைக் கூப்பிட்டு, முறைப்படி எழுதி, உள்ளூர் கோர்ட்டுச் சிறையில் வைத்தேன். அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தவற்றுக்குச் சாட்சி திரட்ட ஆரம்பித்தேன். நெபெலுங்கின் மனைவி சாட்சி சொல்ல வந்தாள்.

கமாண்டருக்குச் செய்தி போய்விட்டது. ஆளை அவர்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறார். ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ரஷ்ய முகாமுக்குப் போகிறவர்கள் பற்றிக் குடும்பத்துக்கு ஒரு தகவலும் வருவதில்லை. குற்றப்பத்திரிகையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் பெண் அதை மொழிபெயர்க்கவே பயந்தாள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கேட்டுவிட்டேன்.

எக்பெர்ட்

*

எம்டன்
1946 அக்டோபர் 15

அண்ணா,

கொடுத்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ஆளைக் கொடுத்துவிடு.

அவன் உனக்கு என்ன வேண்டும்? உன் வேலையைப் பிடுங்கினவன். ஊராரை உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டு அடித்தவன். அவனுக்காக நீ போய் விழுவாயா? நெபெலுங்குக்காக நீ நின்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லாமல் இருந்தேன். இது வேறு. இதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

வீப்கேயிடம் சொன்னேன். அவள் கணவனைப் பற்றி ரஷ்யர்களிடமிருந்து ஒரு வரியாவது வராதா என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறவள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மாமா செய்யறது சரிதாம்மா. யாராவது ஒருத்தர் எழுதி வச்சிருந்தா நமக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள். நான் இதை எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதை மறைக்க மனசு வரவில்லை.

அவள் சின்னப் பெண். நான் சொல்வதைக் கேள். கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கு.

மினே

*

ரோட்டன்லேபன்
1946 டிசம்பர் 8

அன்புள்ள மினே,

நான் கொடுக்கவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஒரு லாரி கோர்ட்டு வாசலில் வந்து நின்றது. நீதிபதி அறையைப் பூட்டிக்கொண்டார். நான் படியில் நின்று வழக்கு நிலுவையில் இருக்கிறது என்றேன். ஒரு சிப்பாய், சின்னப் பையன், என் தோளைப் பிடித்து மெதுவாக ஓரத்தில் நகர்த்திவிட்டான். அலமாரியை நகர்த்துகிற மாதிரி. ட்ரெப்டோ லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர் மனைவி தினமும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அன்று நெபெலுங்கின் மனைவியிடமும் இப்படித்தான் ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

மறு வாரம் நெபெலுங் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். உடல்நலக் குறைவால் நான் விலகுகிறேன் என்று ஒரு தாள். கையெழுத்துக் கேட்டார். படித்தேன். உடல்நலம் நன்றாக இருக்கிறது, கையெழுத்துப் போட மாட்டேன், நீக்குவதானால் நீக்குங்கள் என்றேன்.

"நீக்கத்தான் போறோம்" என்றார்.

பிறகு போகாமல் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த ஆள் என்னை என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியும். அவனுக்காகப் போய்ப் படியில நின்னீங்க."

"உங்களுக்காகவும் நின்னேன்."

"நின்னீங்க. அதனால எனக்கு ஒண்ணும் ஆகலை, டாக்டர். அடி அடிதான், முகாம் முகாம்தான்." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா முகாம்ல என் பொண்டாட்டி கடுதாசி ஒண்ணு வந்துச்சு. வாரண்ட் எங்கேன்னு மேயர் போய்க் கேட்டாருன்னு அதுல இருந்துச்சு. அதைக் கொஞ்ச வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒருத்தன் கேட்டிருக்கான்னு."

எழுந்தார். கதவில் கை வைத்துக்கொண்டு, "அடுத்து ரஷ்யர்கள்கிட்ட உங்க பேருதான் போகும். என்னால கொஞ்ச நாள்தான் தள்ளிவைக்க முடியும். தங்கச்சி அந்தப் பக்கம் இருக்காங்கல்ல, கிறிஸ்துமஸுக்குப் பார்த்துட்டு வரேன்னு கிளம்புங்க. திரும்பி வராதீங்க" என்றார்.

புதிய மேயராக யாரை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையில்லை. மினே, நான் களைத்துப்போய்விட்டேன். கெய்சர், குடியரசு, ட்ரெப்டோ, அமெரிக்கர், ரஷ்யர், எல்லோரையும் பார்த்தாயிற்று. ஒவ்வொருவரும் வந்தபோது இவர்களிடமாவது கேட்டால் கிடைக்கும் என்று நினைத்தேன். இப்போது எனக்குக் கேட்கவும் தெம்பில்லை. ஒரு மூலையும் ஒரு கம்பளியும் போதும்.

உங்கள் கொட்டகையில் ஆடுகளுக்குப் பக்கத்தில் இடம் இருக்குமா? ஓனோவிடம் கேட்டு, இதைக் கொண்டுவருகிறவரிடமே பதில் சொல்லி அனுப்பு. அவர் வேண்டாம் என்றால் அது நியாயம்தான்.

எக்பெர்ட்

*

எம்டன்
1946 டிசம்பர் 20

அன்புள்ள அண்ணா,

இதற்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டுமா? புறப்பட்டு வந்திருக்க வேண்டியதுதானே?

ஓனோவிடம் படித்துக் காட்டினேன். உடனே பலகை எடுத்து வந்து அறுக்க ஆரம்பித்தார். உனக்குக் கட்டில். ஆட்டுப் பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம், அடுப்புக்குக் கிட்டத்தில். "மச்சான் உயரம் எவ்வளவு?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்க்காத ஆளின் உயரத்தை என்ன சொல்வது? ஓனோ கையால் ஒரு அளவு காட்டினார். "கூட இருந்தா இருக்கட்டும், கால் நீட்டிப் படுக்கட்டும்" என்றார்.

தேநீர் கிடைப்பதில்லை. ஓனோ யாரிடமோ பேசிக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறார். நீ வந்தால்தான் பிரிப்பாராம்.

உன்னிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, லீஸ்பெத் விஷயத்தில். அதைக் கடிதத்தில் போட்டால் நீ அதையும் சொல்லுக்குச் சொல் படிப்பாய். நேரில் வா, போடுகிறேன். எல்லை தாண்டினதும் ஒரு கார்டு போடு, ஓனோ ஸ்டேஷனுக்கு வருவார். இங்கே வந்து எதுவும் ஆகாதே. மேயர் ஆகாதே, செயலாளர் ஆகாதே. சும்மா இரு.

மினே

*

எல்லைக்கு இந்தப் பக்கம், அகதிகள் முகாம்
1947 ஜனவரி 19

அன்புள்ள மினே,

வந்துவிட்டேன். பனியில் நடந்து வந்ததில் கால்விரல் இரண்டு மரத்துப்போயிருக்கின்றன, வேறு ஒன்றும் இல்லை. உன் கடிதம் நான் கிளம்புவதற்குச் சற்று முன்பு கிடைத்தது. கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இன்று சாயங்கால ரயிலில் ஏறுவதாகத்தான் இருந்தேன். பேன் மருந்து அடித்து, முத்திரை குத்தி, சீட்டும் கொடுத்துவிட்டார்கள். சீட்டு கையில் இருக்கிறது.

இங்கே எங்களை இரும்புத் தகடு போட்ட வளைவுக் கொட்டகைகளில் வைத்திருக்கிறார்கள். எங்கள் கொட்டகைக்கு ஒரே அடுப்பு. கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் முதலில் வந்தோம் என்று அடுப்பைச் சுற்றிப் படுத்திருக்கிறார்கள். பின்னால் வந்த சிலேசியாக்காரர்கள் கதவுப் பக்கம், பனி உள்ளே வருகிற இடத்தில். குழந்தைகள் இருமுகிறார்கள். நேற்று மத்தியானம் சண்டை முற்றி ஒரு ஆள் கரண்டியால் இன்னொருவர் தலையில் அடித்துவிட்டார். முகாம்காரர்கள் வந்து, நீங்களே தீர்த்துக்கொள்ளாவிட்டால் அடுப்பை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

யாரோ ஒருவர், "இங்க சட்டம் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ எழுதினதை நினைத்துக்கொண்டேன். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். கதவுப் பக்கத்தில் ஒரு குழந்தை இருமி இருமி அழக்கூட முடியாமல் கிடந்தது. அதன் அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ரொம்ப நேரம் படுத்திருந்தேன், மினே. சத்தியமாக ரொம்ப நேரம்.

பிறகு எழுந்தேன்.

அடுப்புப் பக்கம் இருமுகிற குழந்தைகள் முதலில், அப்புறம் முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. இன்று காலை கைதூக்கி ஓட்டெடுத்தார்கள். நான் கொட்டகைக்குத் தலைவராம். எனக்கு எதிராகக் கரண்டிக்காரர் ஒருவர் மட்டும்தான் கை தூக்கினார். அவரும் தன் முறை எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

புதிதாக ஒரு கூட்டம் நாளை வருகிறதாம். அவர்களுக்கு இடம் பிரித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் வருகிறேன். அதற்கு அடுத்ததிலாவது. ஓனோ ஸ்டேஷனில் குளிரில் நிற்க வேண்டாம் என்று சொல். தேநீரைப் பிரித்துக் குடியுங்கள், எனக்காக வைத்திருக்காதீர்கள்.

உன் அண்ணன்
எக்பெர்ட்